ஐந்துக்கு ஐந்து அல்ல

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஸ்பார்க் பிளக் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். முனையில் கரி காய்ந்துதான் கிடக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. அதனால் கவலைப்படாதே. ஆயில் ஏறியிருந்தால் ரிங், வால்வ் சீல் என்று பெரிய செலவு வைத்திருக்கும். கரிக்குக் காரணம் தேட முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார்.

பழைய பிளக்கைக் காட்டி "இதே மாதிரி கொடுங்க" என்று மட்டும் கேட்காதே. வண்டியை விற்றவர் எதை மாட்டி ஓட்டினாரோ! மாருதி 800 கையேட்டில் போட்டிருக்கும் நம்பரைச் சொல்லி வாங்கு.

நம்பரில் நான் பட்டிருக்கிறேன். பட்டறை போட்ட புதிதில் ஒருவருக்கு என்ஜிகே கம்பெனி பிளக்கில் ஐந்தாம் நம்பர் கிடைக்கவில்லை. ஐந்துக்கு ஐந்து என்று பாஷ் கம்பெனி ஐந்தை மாட்டி அனுப்பினேன். டவுனுக்குள்ளேயே ஓட்டுகிற மனிதர். இரண்டே வாரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். என்ஜிகேயில் நம்பர் ஏற ஏறக் குளிர்ந்த பிளக், பாஷில் ஏற ஏறச் சூடான பிளக். என்ஜிகே ஐந்துக்குப் பாஷில் எட்டுதான் ஜோடி. சூடு என்றால் பொறியின் சூடு இல்லை பாப்பா. முனையில் ஏறும் சூட்டைப் பிளக் எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதுதான் கணக்கு. முனை 450 டிகிரியாவது தொட்டால்தான் கரி தானே எரியும். 850-ஐத் தாண்டினாலோ பொறி விழுமுன்னே பெட்ரோல் பற்றி, பிஸ்டனையே பதம் பார்த்துவிடும். அவர் வண்டியில் முனை சூடாகவே இல்லை. காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

இரிடியம் போட்டால் மைலேஜ் கூடும் என்றாராமே கடைக்காரர். கூடாது. பிளக்கின் ஆயுள் கூடும், விலையும் பல மடங்கு. கையேட்டிலேயே இரிடியம் கேட்கும் புது வண்டிகளுக்கு அதைத்தான் போட வேண்டும். உன் வண்டிக்குச் சாதா நிக்கல் போதும். கையேட்டு நம்பரில் 'ஆர்' இருந்தால் அதை விட்டுவிடாதே. அது ரெசிஸ்டர். இல்லாவிட்டால் ரேடியோ கரகரக்கும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்று. குழியில் கிடக்கும் மண்ணை முதலில் ஊதிவிடு. புதுசை ஸ்பேனரால் ஆரம்பிக்காதே. ஹெட் அலுமினியம், மரை போனால் போனதுதான். ஒரு சாண் பெட்ரோல் டியூபைப் பிளக் மண்டையில் செருகி, டியூபைப் பிடித்துத் திருகு. மரை கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிவிடும். கையால் இறுகிய பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று, அவ்வளவுதான்.

மூன்று பிளக்கையும் சேர்த்தே மாற்று. பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதே. எந்த சிலிண்டரில் இருந்தது என்று எழுதிக் காகிதத்தில் சுற்றி வை. தீபாவளிக்கு வரும்போது எடுத்து வா, நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா