குருத்தோலை வாராத ஊரில்

தலைநகரில் வாழும் தமிழர்க்குக் கிடைக்காத பொருள் என்று இன்று மிகச் சிலவே உள்ளன. கரோல்பாக்கிலும் ஐ.என்.ஏ. சந்தையிலும் வாழையிலை உண்டு, முருங்கைக்காய் உண்டு, கும்பகோணத்து வெற்றிலை என்று சொல்லி விற்கப்படும் ஏதோ ஒரு வெற்றிலையும் உண்டு. ஆயினும் பண்டிகை நாளில் வாசற்படியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது ஒரு வெறுமை தென்படும். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது இன்னதென்று சொல்லத் தேவையில்லை. தென்னங்குருத்து இங்கே எளிதில் வாராது.

வடநாட்டார் வாசலை அழகு செய்யத் தெரியாதவர்கள் அல்லர். கேந்திப்பூவையும் மாவிலையையும் மாற்றி மாற்றிக் கோத்து அவர்கள் கட்டும் ‘பந்தன்வார்’ கண்ணுக்கு இனியது. மாவிலை அகப்படாத இடத்தில் ‘அசோக்’ இலையைக் கோப்பார்கள். அவர்கள் அசோக் என்பது, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் ஓரமாக நெட்டையாய் நிற்கும் நம் நெட்டிலிங்க மரத்தைத்தான். சீதாபிராட்டி அமர்ந்திருந்த அசோகம் வேறு. இதை என் அலுவலக நண்பர்களிடம் பலமுறை எடுத்துரைத்தும் ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. போகட்டும், இலை எதுவானால் என்ன, அதைக் கோக்கும் கைகள் வீட்டாருடையவை அல்லவா?

இப்போது அந்தக் கைகளும் குறைந்து வருகின்றன. ஞெகிழி மாவிலையும் ஞெகிழிக் கேந்தியும் சேர்ந்த ஆயத்தத் தோரணம் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால், தீபாவளி முதல் அடுத்த தீபாவளி வரை அது அங்கேயே தொங்கித் தூசி சுமக்கிறது. பண்டிகை வந்ததையும் போனதையும் அறியாத தோரணத்தைத் தோரணம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் நவராத்திரிக் கொலு உண்டு. கொலுவுக்குப் படிகள் ஒற்றைப்படையில் அமைய வேண்டும் என்பது மரபு. எழுத்தர் குடியிருப்பில் ஐந்து படிக்கு மேல் இடம் ஏது? இரும்புப் பெட்டிகள், உணவு மேசை, பழைய புத்தகங்கள் அடைத்த அட்டைப் பெட்டிகள் இவற்றை ஏற இறங்க அடுக்கி வெள்ளை வேட்டியால் மூடிவிட்டால், அது மரப்படி அன்று என்று பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது. அமாவாசைக்கு நான்கு நாள் முன்னதாகத் தட்டில் மண் பரப்பிக் கடுகு தூவினால், பொம்மை வைக்கும் நாளில் பசும்புல் தரையாகிவிடும். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் அதே நவராத்திரியின் முதல் நாளில் மண்சட்டியில் வாற்கோதுமை விதைக்கிறார். அவருக்கு அது வழிபாடு, எங்கள் குழந்தைக்கு அது பொம்மைப் பசு மேயும் பூங்கா. இரண்டுக்கும் ஊற்றும் தண்ணீர் ஒரே குழாயில் வருகிறது.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஊரில் என் அன்னையார் காலமானார்கள். ஓராண்டு பண்டிகை இல்லை. என் தந்தையார் எங்களோடு தில்லிக்கு வந்தார்கள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் தொழிலால் தோரணக்காரர் அல்லர், சிறு விவசாயி. ஆனால் ஊரில் திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவாயினும் முதல் நாள் மாலை குருத்து மட்டையை வெட்டிக்கொண்டு அவர் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். ஓலையை நரம்போடு பிளந்து, கத்திமுனையால் சாய்வாகக் கீறி, கீறிய நாக்குகளை ஒன்றுவிட்டு ஒன்று மடித்துச் செருகி, பேச்சுக்கிடையே நூறு தோரணம் முடிப்பார் அப்பா. மிஞ்சும் ஓலையில் கிளி, பாம்பு, கிலுகிலுப்பை, பந்து எல்லாம் பிறக்கும். அவை சிறுவர்களாகிய எங்களுக்குக் கூலி. எங்கள் ஊரில் மங்கலத் தோரணத்தின் கட்டு வேறு, துக்க வீட்டுத் தோரணத்தின் கட்டு வேறு. மணப்பந்தலில் ஓலைக்குருவியின் தலை மேல்நோக்கி இருக்க வேண்டும். அம்மா இறந்த அன்று, பிறர் தடுத்தும் கேளாமல், மற்றக் கட்டை அப்பாவே கட்டினார். அதன்பின் அவர் ஓலையைத் தொடவில்லை. தில்லியில் தொடுவதற்கு ஓலையும் இல்லை. முன்னறை நாற்காலியில் கைகளை மடிமீது வைத்தபடி அமர்ந்திருப்பார். அந்தக் கைகளைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

2022இல் நவராத்திரி செப்டம்பர் 26ஆம் நாள் தொடங்கியது. அப்போது பத்து வயதான என் மகள், கொலுவின் உச்சியில் தெர்மோகோலால் ஒரு கோபுரம் வேண்டும் என்றாள். அவ்வாண்டு ஜூலை 1 முதல் அலங்காரத்துக்கான தெர்மோகோல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. அரசாணையை எழுத்தெண்ணிப் படிப்பதே பிழைப்பாகக் கொண்ட தகப்பனிடம் தடைப் பொருளைக் கேட்கலாமா? நான் விதியை விளக்கினேன், அவள் அழுதாள். நாற்காலியிலிருந்து அப்பா, “என்னம்மா வேணும், காகிதம் இருக்கா வீட்டிலே?” என்று கேட்டார்கள்.

இருந்தது நாட்காட்டிதான். சாவ்ரி பஜாரின் காகிதக் கடைகளிலிருந்து, காற்றாடி செய்யும் மெல்லிய தாளை மஞ்சளிலும் இளம்பச்சையிலும் மறுநாள் வாங்கி வந்தேன். தில்லி வானத்தை ஆகஸ்டு 15 அன்று நிறைக்கும் தாள் அதுவே. குருத்தின் நிறம் அதில் உண்டு, விறைப்பு இல்லை. நாட்காட்டித் தாளிலோ விறைப்பு உண்டு, நிறம் இல்லை. இரண்டையும் ஒட்டினால் ஓலையாகும் என்று அப்பா கண்டார். ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு கரண்டி மைதா கரைத்துக் காய்ச்சி, பூச்சி அரிக்காதிருக்கத் துளி மயில்துத்தம் சேர்த்துப் பசை ஆயிற்று. மயில்துத்தம் நஞ்சாதலால் அதை அப்பா தம் கையாலேயே கலந்தார். ஒட்டிய தாளை மகளின் பாடப்புத்தகங்களுக்கு அடியில் ஓரிரவு வைத்தோம். அப்புத்தகங்கள் அவ்வளவு பயன்பட்டது அவ்வாண்டில் அதுவே முதல் முறை.

மறுநாள் புதியதோர் இடையூறு. ஓலைக்கு நடுவே ஈர்க்கு உண்டு, அதுவே மடிப்பைத் தாங்கும். காகிதத்துக்கு ஏது? அப்பா சமையலறைக்குள் சென்று, வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த தென்னந்துடைப்பத்துடன் வந்தார். தென்னையின் குருத்து வாராத ஊருக்குத் தென்னையின் ஈர்க்கு துடைப்பமாக வந்து சேர்ந்திருக்கிறது! கொலுவில் துடைப்பக் குச்சியா என்று என் மனைவி தயங்கினாள். “மரத்துக்கு இது துடைப்பம்னு தெரியுமா?” என்றார் அப்பா. அவள் சிரித்துவிட்டாள். ஓராண்டுக்குப் பின் அந்த வீட்டில் அது முதற் சிரிப்பு.

கோபுரம் எழவில்லை. அதற்குப் பதிலாக நாற்பது கிளிகளும், கொலுவைச் சுற்றிவரத் தோரணமும் எழுந்தன. குருவித் தலைகளை மடிக்கும்போது மட்டும் அப்பாவின் விரல் ஒவ்வொரு முறையும் சற்று நிற்கும். பிறகு மேல்நோக்கித் திருப்பும். மகள் அதைக் கவனித்துக் காரணம் கேட்டாள். “மேலே பார்த்தா கல்யாணம்” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

ரோத்தக்கிலிருந்து வந்த என் அலுவலக நண்பர் கொலு பார்க்க வந்து, கிளிகளைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பிப் பார்த்தார். அரியானாக் கிராமங்களில் இதே நாட்களில் பெண்பிள்ளைகள் களிமண்ணில் விண்மீனும் பிறையும் செய்து, உலர்த்தி, வண்ணமிட்டு, சுவரில் ‘சாஞ்சி’ தேவியாகப் பதித்துத் தசராவன்று நீரில் விடுவார்களாம். தம் தமக்கையார் செய்ததைச் சிறுவனாய்ப் பார்த்ததோடு சரி, தம் பெண்களுக்கு அதன் பெயரே தெரியாது என்றார். போகும்போது இரண்டு கிளிகளைக் கேட்டு வாங்கிச் சென்றார்.

சரோஜினி நகர் முதலிய ஏழு அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பித்துக் கட்ட 2016இல் ஒப்புதல் வந்தபின், முற்றமும் வேம்பும் உடைய பழைய வீடுகள் பல மறைந்து அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. நாங்களும் இப்போது ஓர் அடுக்குமாடியில்தான் இருக்கிறோம். காங்கிரீட்டுச் சுவரில் ஆணி இறங்குவதில்லை. ஆகவே சன்னல் கம்பியிலிருந்து கதவுத் தாழ்வரை கயிறு கட்டித் தோரணத்தைத் தொங்கவிடுகிறோம். அப்பாவுக்குக் கண்புரை. கீறுவதும் மடிப்பதும் மகளிடம் சென்றுவிட்டன, விரலால் தடவிச் சரிபார்ப்பது மட்டும் அவரிடம் உள்ளது. தலைகீழாய் மடித்த குருவி ஒன்று வந்தால், தடவிய மாத்திரத்தில் தெரிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் பிரித்து அவளிடமே திருப்பித் தந்துவிடுகிறார்.