ஆயா தண்ணி குடிச்ச கதை

கேரவன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? பாண்டியில் யாரைக் கேட்டாலும் ஷூட்டிங் என்றுதான் சொல்வார்கள். ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர் உள்ள ஏதாவது ஒரு தெருவை மறித்து, ஓரமாக ஒரு பெரிய வண்டி நின்றால் அது கேரவன். உள்ளே ஹீரோ இருப்பார். வெளியே நாம நிப்போம்.

போன வருஷம் பீச் ரோட்டுக்கு வாக்கிங் போன எங்க ஆயாவும் அப்படி நின்றார். ஆனால் ஹீரோவுக்காக இல்லை. வண்டி டிரைவரிடம் போய், "ஏம்பா, இதுக்குள்ள பாத்ரூம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். "இருக்கும்மா" என்றாராம் அவர். வீடு வந்து சேரும்வரை ஆயா அதையே பேசிக்கொண்டு வந்ததாகத் தாத்தா சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போ நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆயாவின் தங்கச்சி இருப்பது காரைக்காலில். இங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர். இரண்டும் ஒரே யூனியன் பிரதேசம்தான், ஆனால் நடுவில் கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று தமிழ்நாட்டைத் தாண்டிப் போகணும். காலையில் பஸ் என்றால் முந்தின நாள் சாயங்காலமே ஆயா தண்ணி குடிப்பதை நிறுத்திவிடுவார். வழியில் இறங்கினாலும் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் அவரால் உட்கார முடியாது, முட்டி மடங்காது. சுகர் வேறு, அடிக்கடி போயாக வேண்டும். மூன்று வருஷம் முன்னாடி அப்படித் தண்ணி குடிக்காமலே போய்வந்து, யூரின் இன்ஃபெக்‌ஷனில் ஒரு வாரம் படுத்துவிட்டார். அதோடு "நான் எங்கயும் வரலப்பா" என்று முடித்துக்கொண்டார். வயசாயிடுச்சு, ஊர் சுத்தப் பிடிக்கலை போல என்று நாங்களாகவே முடிவு பண்ணிக்கொண்டோம். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கேட்டவர் தாத்தா ஒருத்தர்தான். அவர் மின்துறையில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், வயசு 67. ஒருநாள் சாப்பிடும்போது, "நம்ம ஆம்னியையே கேரவன் பண்ணிட்டா என்ன?" என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த வயசுல எதுக்குப்பா இதெல்லாம்? நாளைக்கு ஒண்ணுன்னா ஊர் என்னைத்தான் கேக்கும்."

தாத்தா அசரவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், வருஷத்தில் பாதி நாள் பிரான்ஸில்தான் இருப்பார். அங்கே ரிட்டயர் ஆன ஜோடிகள் 'கேம்பிங் கார்' வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் சுற்றுவதை அவர்தான் சொல்லியிருந்தார். மூன்றரை டன்னுக்கு மேல் போகாத வண்டி என்றால் சாதாரண கார் லைசென்ஸே போதுமாம். தண்ணி பிடிக்க, கழிவுத் தொட்டியைக் காலி பண்ண ஊருக்கு ஊர் தனி இடம் உண்டாம். தாத்தாவின் இரண்டாவது சாட்சி கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன் - மோகனா தம்பதி. கடை வருமானத்தில் சேர்த்தும் கடன் வாங்கியும் 2007-லிருந்து 26 நாடுகள் பார்த்தார்கள். 2021-ல் ரஷ்யா போய்வந்த கொஞ்ச நாளில் விஜயன் இறந்துபோனார். "அவங்க டீ வித்து ரஷ்யா போனாங்க. நான் பென்ஷன்ல காரைக்கால் போகக் கூடாதா?" என்றார் தாத்தா. அப்பாவிடம் பதில் இல்லை.

நான் ஃபைனல் இயர் ட்ரிபிள்-ஈ. விடுவேனா? ஒரே ராத்திரியில் டிசைன் போட்டேன். கூரையில் சோலார் பேனல், உள்ளே இன்வெர்ட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், வெல்டிங் பண்ணிய கட்டில்.

முதல் அடி சட்டத்திலிருந்து விழுந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. கேரவனாகவே தயாராகும் வண்டிக்கு ஏ.ஐ.எஸ்-124 என்று தனித் தரம் இருக்கிறது. ஆகவே வெல்டிங் கிடையாது, எல்லாமே கையால் தூக்கி வெளியே வைக்கிற மாதிரி இருக்கணும். பின் சீட்டை மடக்கி, மேலே பிளைவுட் பலகை, அதற்கு மேல் இலவம்பஞ்சு மெத்தை.

இரண்டாவது அடி கணக்கிலிருந்து. 100 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 1200 வாட்-அவர். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி பண்ணினால் ஆயுள் குறையும், ஆகவே கையில் இருப்பது 600. இண்டக்‌ஷனில் 1500 வாட்டில் அரை மணி நேரம் சமைத்தாலே 750 போய்விடும். அதுவே 15 வாட் டி.சி. ஃபேன் எட்டு மணி நேரம், ஒரு எல்.இ.டி. லைட், ரெண்டு போன் சார்ஜ் என்றால் ஒரு ராத்திரிக்கு 170 தாண்டாது. மூன்று ராத்திரி தாங்கும். அடுப்பும் ஃப்ரிட்ஜும் சோலாரும் அவுட்.

மூன்றாவது அடி தாத்தாவிடமிருந்து. என் சர்க்யூட்டைப் பார்த்துவிட்டு, "பியூஸ் எங்கடா?" என்றார். நான் போடவே இல்லை. "வயர் எரியறதுக்கு முன்னாடி பியூஸ் எரியணும். பேட்டரிக்குப் பக்கத்துலயே போடு." நாலு வருஷம் படித்தவன் நான்!

நாலாவதாக ஆயா வந்து எட்டிப் பார்த்தார். "எல்லாம் சரி, பாத்ரூம் எங்க?"

டிசைனில் அதுவும் இல்லை.

அப்புறம்தான் வேலை சரியான திசையில் போனது. உங்க வீட்டுப் பெரியவர்களுக்கும் உதவலாம், அதனால் எழுதி வைக்கிறேன்.

கழிப்பறை: மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மடக்கு கமோட் நாற்காலி, அடியில் மூடியுள்ள வாளி. வாளியில் மரத்தூள் போட்டு வைத்தால் ஈரத்தை உறிஞ்சும், நாற்றம் அவ்வளவாக வராது. இங்கே பிரான்ஸ் மாதிரி கழிவு கொட்ட இடம் கிடையாது. ஆகவே அவசரத்துக்குச் சிறுநீர் மட்டும். மரத்தூளைப் பையில் கட்டிக் குப்பையில் சேர்க்கணும், வயலிலோ வாய்க்காலிலோ கொட்டவே கூடாது. மற்றதுக்கு பெட்ரோல் பங்க். அங்கே கழிப்பறை, குடிநீர், காற்று மூன்றும் இலவசம். கூச்சப்படாமல் கேளுங்க.

திரை: கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்ட 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. வண்டி நின்ற பிறகு மாட்டி, கிளம்பும் முன் கழற்றும் வெல்க்ரோ துணி போதும்.

இன்சுலின்: வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடவே கூடாது, ஐஸ் மேல் நேராக வைப்பதும் தப்பு. ஆயா சின்ன மண்பானையில் ஈரத்துணி சுற்றி, அதற்குள் வைத்தார். என் ஃப்ரிட்ஜ் ஐடியாவுக்கு அதுதான் பதில்.

சமையல்: அஞ்சு கிலோ சிலிண்டர், வண்டிக்கு வெளியேதான். மூடிய வண்டிக்குள் அடுப்பெரித்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

டிரைவிங்: 55 வயசுக்கு மேல் லைசென்ஸ் அஞ்சு வருஷத்துக்குத்தான் புதுப்பிப்பார்கள், தேதியைப் பாருங்க. இருட்டின பிறகு வண்டி எடுப்பதில்லை என்பது தாத்தாவின் சொந்தச் சட்டம்.

ஜனவரியில் ஒரு காலை கிளம்பினார்கள். தமிழ்நாட்டை விட இங்கே பெட்ரோல் விலை குறைவு என்பதால் தாத்தா டேங்கை நிரப்பிக்கொண்டார். நான் பைக்கில் சிதம்பரம் வரை பின்னாடியே போனேன். கோயில் பார்த்துவிட்டு வந்ததும், "போதும், நீ திரும்பிப் போ" என்று அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் என் போனில் அவர்களுடைய லொகேஷன் புள்ளி தரங்கம்பாடியில் நின்றது. காரைக்காலுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான், ஆனால் புள்ளி நகரவில்லை. எட்டு மணிக்கு போன் ஸ்விட்ச் ஆஃப். அப்பா என்னிடம் பேசவே இல்லை. சாப்பிடவும் இல்லை, ஹாலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் போட்ட வயரிங் ஒவ்வொன்றும் ராத்திரி முழுக்க மனசுக்குள் ஓடியது. பியூஸ் சரியாகப் போட்டேனா? பேட்டரிக்குக் காற்று போக இடம் விட்டேனா?

காலை அஞ்சே முக்காலுக்கு போன் வந்தது. ஆயாதான். இருட்ட ஆரம்பித்ததால் டேனிஷ் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைக்காரரைக் கேட்டு, அவர் கடை ஓரமாகவே வண்டியை நிறுத்திப் படுத்தார்களாம். சார்ஜரைச் சொருகினவர்கள் சுவிட்சைப் போட மறந்துவிட்டார்களாம்.

அப்பா போனைப் பிடுங்கி, "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கத்த ஆரம்பித்தார். ஆயா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பின்னால் கடல் சத்தம் கேட்டது.

"நேத்துலேர்ந்து மூணு பாட்டில் தண்ணி குடிச்சேன்டா" என்றார். "இப்ப டீயும் சொல்லியிருக்கேன்."