ஸ்க்ரூவை லூஸ் பண்ணுங்க பாஸ்!

போன சனிக்கிழமை பூரா ஆணி புடுங்கிட்டு இருந்தேன். ஆபீஸ் ஆணி இல்லை மக்களே, நிஜமான ஸ்க்ரூ. கிடார்ல இருக்கிறது.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கிறேன். எட்டு வருசத்துக்கு முன்னாடி கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் மூணாவது வருசம். நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்டு. நான் லீடு கிடார், என் ரூம்மேட் பேஸ் கிடார். என்கிட்ட இருந்தது செகண்ட் ஹேண்ட் ஸ்ட்ராட். பழைய ஓனர் அதுல அல்னிகோ காந்தம் வெச்ச பிக்கப் மாட்டி இருந்தார்.

கல்ச்சுரல்ஸ் ஃபைனலுக்கு ஒரு வாரம் முன்னாடி எனக்கு ஒரே கவலை. டிரம்ஸ் சத்தத்துல என் லீடு அமுங்கிப் போகுதேன்னு. எங்கேயோ கேள்விப்பட்டு, பிக்கப்போட ரெண்டு பக்க ஸ்க்ரூவையும் முறுக்கி, கம்பியை உரசாத குறையா மேல ஏத்திட்டேன். சத்தம் பிச்சிக்கிச்சு. அய்யா ஒரே குஷி!

மேடை ஏறுறதுக்கு முன்னாடி ரூம்மேட் சொன்னான். "மச்சி, பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல போனா சுருதி சேரலடா. தடிக் கம்பியில ஒரே நோட்டு ரெண்டு நோட்டு மாதிரி ஆடுது."

டியூனர்ல பார்த்தேன். கம்பியை அழுத்தாம வாசிச்சா ஆறும் பச்சை. "டியூனர் பொய் சொல்லுமா? உன் காதைப் போய் காட்டுடா"ன்னு ஜூனியர் பசங்க முன்னாடியே சொல்லிட்டேன். என் சோலோ ஆரம்பிக்கிறதே அந்தப் பன்னெண்டாவது ஃப்ரெட்டுல, தடிக் கம்பியில. ப்ரைஸ் கிடைக்கலை. திரும்பி வரும்போது பஸ்ல, பேஸ் சொதப்பினதாலதான் தோத்தோம்னும் சொன்னேன். அதோட பேண்டு முடிஞ்சுது. போன வருசம் அவன் கல்யாணப் பத்திரிகை வாட்ஸப்ல வந்துச்சு. "வாழ்த்துகள்"னு ஒரு வார்த்தை. அவ்ளோதான்.

இப்போ பரண்ல இருந்து கிடாரை இறக்கினேன். அதே ஆட்டம். பிக்கப்தான் மட்டம்னு முடிவு பண்ணி, வீட்டு வாடகையில பாதி விலைக்குப் புதுசு ஆர்டர் பண்ணப் போனேன். அதுக்கு முன்னாடி சும்மா ஸ்கேல் வெச்சு அளந்தேன். கடைசி ஃப்ரெட்டுல கம்பியை அழுத்திப் பிடிச்சா, கம்பிக்கும் காந்தத்துக்கும் நடுவுல 1 மி.மீ. கூட இல்லை. சாதாரண சிங்கிள் காயிலுக்கு ஃபெண்டர் கம்பெனி சொல்ற அளவு தடிக் கம்பிப் பக்கம் 2 மி.மீ., மெல்லிசுப் பக்கம் 1.6 மி.மீ.

பிக்கப்னா என்ன? காந்தம், அதைச் சுத்தி ஆயிரக்கணக்கான சுத்து செம்புக் கம்பி. மேல எஃகுக் கம்பி அதிர்ந்தா காந்தப்புலம் மாறும், காயில்ல வோல்டேஜ் வரும். ஃபாரடே 1831ல கண்டுபிடிச்சது. ஈசிஇ படிச்ச நான் பரீட்சையில இதைப் பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். ஆனா காந்தம் கம்பியைக் 'கேக்குறது' மட்டும் இல்லை, இழுக்கவும் செய்யும்ங்கிறது மண்டையில ஏறலை. ரொம்பக் கிட்ட போனா அந்த இழுப்பு கம்பியோட ஆட்டத்தையே கெடுக்கும். சுருதி ஆடும், நோட்டு நிக்காம சீக்கிரம் செத்துடும். தடிக் கம்பியில, மேல் ஃப்ரெட்டுல, நெக் பிக்கப்ல இது ரொம்ப அதிகம். அழுத்தாத கம்பி காந்தத்தை விட்டுக் கொஞ்சம் விலகி இருக்கும். அதனாலதான் டியூனர் பச்சை காட்டுச்சு.

ஸ்க்ரூவை இடது பக்கமா கால் கால் சுத்தா விட்டேன். நெக் பிக்கப் தடிப்பக்கம் 2.5 மி.மீ. வந்தப்போ ஆட்டம் நின்னுச்சு. பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் கொஞ்சம் கிட்ட வெச்சேன், அங்கே கம்பி கம்மியாத்தான் ஆடும். சத்தம் குறைஞ்சுது, ஆனா ஆம்ப்ல வால்யூமைக் கூட்டிக்க எவ்ளோ நேரம் ஆகும்? அதே சோலோவை வாசிச்சேன். நோட்டு தெளிவா, நீளமா, பாடுற மாதிரி நின்னுச்சு. எட்டு வருசமா நான் தேடின லீடு டோன் அதுதான்.

சந்தோசமா இருந்திருக்கணும். வயித்தைப் பிசைஞ்சுது.

ராத்திரி பத்து மணிக்கு ரூம்மேட்டுக்குப் போன் போட்டேன். "மச்சி... அன்னிக்கு உன் காது சரிதாண்டா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டான்: "பன்னெண்டாவது ஃப்ரெட்டுதானே?"

டிஸ்கி: ஒவ்வொரு திருப்புக்கு அப்புறமும் ஆம்ப் சத்தத்தைப் பழைய அளவுக்குக் கொண்டு வந்துட்டு ஒப்பிட்டுப் பாருங்க. இல்லைன்னா சத்தமா இருக்கிறதுதான் நல்லா இருக்கிற மாதிரி தோணும். அனுபவஸ்தன் சொல்றேன் :-)