வீட்டுக்காரர் எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை பேரனை அழைத்துக்கொண்டு தாம்பரத்திலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போயிருந்தேன். பஜ்ஜி, குதிரை சவாரி எல்லாம் முடிந்து, டிராயர் பாக்கெட் நிறையக் கிளிஞ்சல் பொறுக்கினான். ஒன்றைக் காட்டி, "தாத்தா, இந்த வீட்டுக்காரர் எங்க போயிட்டாரு?" என்றான்.

"வயசாயிடுச்சுடா, செத்துப் போயிட்டாரு" என்று சொல்லி வைத்தேன். பாதி உண்மை. மீதியை உங்களிடம் சொல்கிறேன்.

சிப்பியும் மட்டியும் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்பவை. பேங்க் லோன் கிடையாது, கொத்தனார் கிடையாது. கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்து, உடம்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தசை அடுக்கடுக்காகப் பூசிக்கொண்டே போகும். பூச்சுவேலைக்குத் தண்ணீர் நன்றாக இருக்க வேண்டும் என்று எந்த மேஸ்திரியும் சொல்வார். சிப்பிக்கும் அதே கதைதான்.

1970களின் கடைசியில் பிரான்சில் ஆர்க்காஷோன் என்ற இடத்தில் வளர்த்த சிப்பிகளின் ஓடு கன்னாபின்னாவென்று தடித்தது. அடுக்குகளுக்கு நடுவே கூழ் நிரம்பிய அறைகள். குஞ்சுகள் தேறவில்லை. காரணம், படகின் அடியில் பாசி ஒட்டாமலிருக்கப் பூசிய டிபிடி என்கிற ரசாயனம் கலந்த பெயின்ட். சில கடல் நத்தைகளில் இன்னும் விபரீதம்: பெண் நத்தைக்கு ஆண் உறுப்பு முளைத்து, முட்டை வெளியே வர வழியில்லாமல் செத்தது. ஒரு லிட்டர் தண்ணீரில், ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே இந்த மாற்றம் ஆரம்பித்துவிடும்! 1982ல் பிரான்ஸ் சின்னப் படகுகளுக்கு அந்தப் பெயின்ட்டைத் தடை செய்தது. சில வருஷங்களில் சிப்பிகள் தேறின. உலக அளவிலான தடை அமலுக்கு வந்தது 2008ல்.

சிப்பிக்குச் சாப்பாடு, மூச்சு இரண்டுமே தண்ணீரை வடிகட்டித்தான். ஈயம், காட்மியம் இருந்தால் சதையில் சேர்ந்துவிடும். தண்ணீர் ரொம்ப மோசமானால் ஓட்டை இறுக்கி மூடிக்கொள்ளும். எத்தனை நாள் பட்டினி கிடப்பது? இருக்கிற தெம்பெல்லாம் விஷத்தைச் சமாளிக்கவே சரியாகிவிடும். ஓடு கட்டவும் முட்டை போடவும் மிச்சமிருக்காது.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், பக்கெட்டில் அள்ளியதும் ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய்.

'அதெல்லாம் வடசென்னை சமாசாரம், நமக்கென்ன' என்கிறீர்களா? நம்ம அடையாறு ஆதனூர்ப் பக்கம் புறப்பட்டு, மேற்குத் தாம்பரத்தை ஒட்டி முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக, பெசன்ட் நகருக்குச் சற்று வடக்கேதான் கடலில் சேர்கிறது. 2015ல் ஆறு நம் வீட்டுக்குள் வந்தபோது திட்டித் தீர்த்தோம். தினமும் நம் வீடு ஆற்றுக்குள் போகிறதே, அதை யாரும் திட்டுவதில்லை.

நான் மட்டும் யோக்கியமா? எங்கள் வீட்டுக்கு வந்த செப்டிக் டேங்க் லாரிக்காரரிடம், "எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன், சிப்பி மாதிரி.

அடுத்த முறை சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டியதற்கு ரசீது கேட்கப் போகிறேன். நீங்களும் கேளுங்கள். பேரன் கிளிஞ்சல்களை ஷெல்ஃபில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறான். எல்லாம் காலி வீடுகள்.