ஒன்பது இருபது

எண்களுக்கும் பேச்சுமொழி உண்டு. லாரி டயரின் பக்கவாட்டில் 9.00-20 என்று அச்சிட்டிருப்பதைப் பட்டறையில் 'ஒம்பது இருபது' என்கிறார்கள். 10.00-20 என்பது 'பத்து இருபது', 8.25-20 என்பது 'எட்டேகால் இருபது'. ஔவையின் பெயரில் வழங்கும் தனிப்பாடலை அறிந்த நமக்கு எட்டேகால் என்றதும் ஒரு புன்னகை எழும். பட்டறையில் அதற்கு எவரும் சிரிப்பதில்லை. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு.

பீளமேட்டில் நண்பரின் வீட்டுக் கொட்டகையில் நாங்கள் நால்வர் சேர்ந்து சீர்செய்துவருவது 1966ஆம் ஆண்டின் டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி. டைம்லர் பென்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1954இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய உற்பத்தி அது. 1969இல் கூட்டுறவு முடிந்தபின் வந்த வண்டிகளின் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இல்லை. எங்கள் லாரியில் இருக்கிறது. நண்பரின் தந்தையார் காலத்தில் மில்களுக்குப் பஞ்சுப் பொதி சுமந்த வண்டி.

இந்த நகரத்தில் பழைய வண்டிகளுக்கு மதிப்பில்லை என்று சொல்ல முடியாது. 2015இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகம் அவிநாசி சாலையில்தான் இருக்கிறது. ஆனால் லாரியின் கதை வேறு. 2021இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த பழம்பெரும் வாகன விதிகூட, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளையே கருதுகிறது. பாரம் சுமந்தவை பெரும்பாலும் பழைய இரும்புக் கடையில் முடிகின்றன.

எஞ்சின் வேலை முடிந்து டயருக்கு வந்தபோதுதான் கருத்து வேறுபாடு தோன்றியது. வண்டியில் கிடந்த வெடித்த டயர்கள் பத்து இருபது. ரிம்மிலோ 7.0-20 என்று பொறித்திருந்தது. ஏழு அங்குல ரிம்மின் இயல்பான துணை ஒன்பது இருபது. பத்து இருபதுக்கு உகந்தது ஏழரை. வண்டியை நெடுங்காலம் ஓட்டிய பெரியவரை அழைத்துக் கேட்டோம். எண்பதை நெருங்குபவர்.

"பத்து இருபதே போட்டுருங்க தம்பி. நம்ம வண்டி அதுலதானுங்க ஓடுச்சு" என்றார்.

அவர் சொல்லைத் தட்டுவது எளிதாக இல்லை. அந்த வண்டியின் வாழ்வை எங்களைவிட அறிந்தவர் அவர். ஆகவே கணக்கை எடுத்து வைத்தோம். ஒன்பது இருபதின் மொத்த உயரம் ஏறத்தாழ 1,018 மி.மீ.; பத்து இருபதுக்கு 1,055. வேறுபாடு மூன்றரை விழுக்காட்டுக்குச் சற்று மேல். நூறு கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் தொண்ணூற்றாறரை என்று காட்டும், மேட்டில் எஞ்சின் கூடுதலாகத் திணறும், ஸ்டீயரிங் கனக்கும். பின்னால் இரட்டைச் சக்கரங்களின் இடைவெளி குறைந்து, பாரம் ஏறும்போது டயரோடு டயர் உரசிச் சூடேறும். பாரத்தைப் பார்த்தால், 14 பி.ஆர். ஒன்பது இருபது ஒற்றையாக ஏறத்தாழ இரண்டரை டன் தாங்கும், 16 பி.ஆர். பத்து இருபது மூன்று டன். ஆனால் டயர் பெருத்ததால் ஆக்ஸிலும் பட்டையும் பெருத்துவிடுவதில்லை.

பெரியவர் பட்டையைத் தடவிப் பார்த்தார். "ஓவர்லோடு ஏத்தறதுக்குத்தானுங்க மாத்துனது. பட்டை ஒடிஞ்சு எத்தனை ராத்திரி ரோட்டுல கெடந்திருக்கறேன்" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. அவர் பத்து இருபதைக் கேட்டது அளவுக்காக அல்ல, அந்த இரவுகளுக்காக என்று எங்களுக்குப் பட்டது.

இங்கே எங்களுக்குள் எழுந்த கேள்வி: வண்டியை எந்த நாளுக்கு மீட்பது? தொழிற்சாலை வாசலைக் கடந்த நாளுக்கா, உழைத்துத் தேய்ந்த நாள்களுக்கா? உழைப்பின் தடங்களான தொட்டியின் வடுக்களையும் கதவில் மங்கிய எழுத்தையும் தொடாமல் விட்டோம். அதிகப் பாரத்தின் தடத்தை மட்டும் காலில் மாட்டிவிட மனம் ஒப்பவில்லை. இனி இந்த வண்டி பொதி சுமக்கப்போவதில்லை. "அப்படின்னா ஒம்பதே போதுமுங்க" என்று பெரியவரே முடித்துவைத்தார்.

கடையில் 295/90ஆர்20 ரேடியலை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் என்று ஒரே வரியில் மூன்று அளவைகள். நல்ல டயர்தான், பத்து இருபது ரேடியலின் இடத்துக்கு வந்தது, எங்கள் ரிம்முக்கு உரியதன்று. நைலான் ஒன்பது இருபதே வாங்கினோம், உபரிச் சக்கரத்தையும் சேர்த்து ஏழு. டியூபும் ஃப்ளாப்பும் புதியவை.

பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு: கிடக்கும் டயரைப் பார்த்து அளவு சொல்லாதீர்கள், ரிம்மில் பொறித்திருப்பதைத் துருவை நீக்கிப் படியுங்கள். புதிய டயரில் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 3124 என்றால் 2024இன் 31ஆவது வாரம். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகிறது. அதை ஓட்டியவர் உயிரோடிருந்தால், டயர் வாங்குமுன் அவரையும் ஒருமுறை அழைத்துவந்து காட்டுங்கள்.