சீருடையைக் கழற்றிய மறுமாதம்

வாகட், புனே
26 ஜனவரி 2025

அன்புள்ள ஹவில்தார் அண்ணாவுக்கு,

காலையும் மாலையும் குடியிருப்பு கேட்டில் பார்க்கிற மனிதருக்கு எதற்கு மடல், அதுவும் ஊரறிய, என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. பத்து நாளைக்கு முன், ஜனவரி 16 அன்று, எட்டாவது ஊதியக் குழு அமைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அன்று இரவே நம் குடியிருப்புத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்: “இனி நம்ம ஹவில்தாருக்கு என்ன குறை? பட்டாளத்துப் பென்ஷன், கேன்டீன், இலவச வைத்தியம். அதுக்கு மேல இங்க ஒரு சம்பளம் வேற.” கீழே ஏழெட்டுக் கட்டைவிரல்கள் உயர்ந்தன. நான் படித்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போனை வைத்துவிட்டேன். அந்த மௌனத்துக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

இன்று காலை கொடியேற்றத்தில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு முன்வரிசையில் நின்றீர்கள். கொடி ஏறியதும் எல்லோரும் உங்களோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் நீங்கள் மறுபடி கேட்டில், கூரியர் பையன்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தீர்கள். வருஷத்தில் இரண்டு நாள் உங்களை முன்னால் நிறுத்துகிறோம். மற்ற நாட்களில் நீங்கள் எப்படிப் பிழைக்கிறீர்கள் என்று யோசித்ததில்லை. போன ஜூன் மாதம் வரை நானும் யோசித்ததில்லை.

அந்த மழைச் சாயங்காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிப்ளமோ முடித்த என் அக்கா மகன் வேலூரிலிருந்து வந்திருந்தான். ஹிஞ்சவடி ஐடி கம்பெனிகளில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று பார்க்கத்தான் வந்தான். இரண்டு வாரம் அலைந்துவிட்டு ஒருநாள் கேட்டான்: “மாமா, மிலிட்டரியில நல்ல சம்பளம்னு சொல்றாங்களே, போகட்டுமா?” எனக்குப் பதில் தெரியவில்லை. பதினைந்து வருஷமாகப் புனேயில் இருக்கிறேன். தெற்குப் படைத் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாடமி, தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரி, கூப்பிடு தூரத்தில் தேஹு ரோடு, கட்கி கண்டோன்மென்ட்கள். பட்டாளம் நடுவே குடியிருந்தும், ஒரு சிப்பாய்க்கு மாதம் என்ன கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாது. அவனை உங்களிடம் கூட்டிவந்தேன்.

‘நாட்டுக்காகப் போ’ என்பீர்கள், இல்லையென்றால் ‘வேண்டாம், படிச்சவன் எதுக்கு’ என்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் இரண்டையும் சொல்லவில்லை. “மொதல்ல கணக்குப் போடலாம் தம்பி” என்று வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டீர்கள். முதல் நன்றி அந்தத் தாளுக்கு.

முதல் கட்டத்தில் பழைய முறையில் சேர்ந்த சிப்பாய். ஏழாவது ஊதியக் குழு 2016 ஜனவரி முதல் வகுத்த கணக்கில் தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700. ராணுவப் பணி ஊதியம் என்று தனியாக 5,200. இரண்டையும் கூட்டினால் 26,900. அதன் மேல் அகவிலைப்படி. 2024 ஜனவரியில் அது 50 சதவீதம், ஆக 13,450. மொத்தம் 40,350. “சோறு சர்க்காரு, துணி சர்க்காரு, பேரக்ல கட்டிலும் சர்க்காரு. அதனால கையில வர்ற காசு வீட்டுக்கு அப்படியே போகும்” என்றீர்கள். என் அக்கா மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஹிஞ்சவடியில் புதிதாகச் சேரும் பொறியாளருக்கே ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்பது பல வருஷமாக அசையாமல் நிற்கிறது. அதில் வாடகை, பஸ், மெஸ் எல்லாம் போக வேண்டும்.

சியாச்சினில் நிற்கும் ஜவானுக்கு மாதம் 30,000 தனிப்படி என்றதும் அவன் கண் இன்னும் விரிந்தது. அதற்கு நீங்கள் சொன்னது: “அது சம்பளம் இல்ல தம்பி. உன் காலு விரலுக்குக் குடுக்கிற வாடகை.”

இரண்டாம் கட்டத்துக்கு வந்தபோது உங்கள் குரல் மாறவில்லை. அதற்கு இரண்டாவது நன்றி. அக்னிபாத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்று புகழ்வார்கள், இல்லை கொதிப்பார்கள். நீங்கள் எண்களை மட்டும் எழுதினீர்கள். 2022 ஜூன் 14 அன்று அறிவித்த திட்டம். அறிவித்தபோது வயது பதினேழரை முதல் இருபத்தொன்று. நான்கே வருஷம். முதல் வருஷம் மாதம் 30,000; பிறகு 33,000, 36,500, கடைசி வருஷம் 40,000. இதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்துவிடுவார்கள். முதல் வருஷம் கைக்கு வருவது 21,000. பிடித்த 5.02 லட்சத்துக்கு அதே அளவு அரசும் போடும். வட்டியோடு சேர்த்து, வெளியே வரும்போது சுமார் 11.71 லட்சம், வரி கிடையாது. பணியில் இருக்கும் வரை 48 லட்சத்துக்குக் காப்பீடு. பிரீமியம் நம் கையிலிருந்து போகாது. அகவிலைப்படி இல்லை, கிராஜுவிட்டி இல்லை, பென்ஷன் இல்லை. நூறு பேரில் அதிகபட்சம் இருபத்தைந்து பேரை நிரந்தரமாக எடுப்பார்கள்.

“பதினொண்ணு லட்சம் பெரிய காசுதானே?” என்றான் பையன்.

“பெரிய காசுதான். இருபத்திமூணு வயசுல கையில பதினொண்ணு லட்சம் எங்க காலத்துல எவனுக்கு இருந்துச்சு? ஆனா ஒண்ணு கேக்கறேன். யார் வேலை சொன்னாலும் மொத மாசச் சம்பளத்தப் பாக்காத. சீருடையைக் கழட்டுன மறுமாசம் என்ன வரும்னு பாரு.”

அண்ணா, அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல் முழுக்க.

அதை வைத்துக்கொண்டு மூன்றாம் கட்டத்தையும் அளந்தீர்கள். பட்டப்படிப்பு முடித்து சிடிஎஸ் தேர்வு எழுதிப் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் போனால் லெப்டினன்ட். அடிப்படை 56,100, ராணுவப் பணி ஊதியம் 15,500. அதே 50 சதவீத அகவிலைப்படியோடு 1,07,400. ஆனால் குறுகிய காலப் பணியில் பத்து வருஷம், நீட்டித்தால் பதினான்கு. அதோடு வெளியே வரும் அதிகாரிக்கும் மாதப் பென்ஷன் கிடையாது. அதிகாரி பென்ஷன் வாங்க இருபது வருஷம் வேண்டும், ஜவானுக்குப் பதினைந்து. தோளில் நட்சத்திரம் இருந்தாலும் கேள்வி ஒன்றுதான் என்று அன்று புரிந்தது.

பிறகு உங்கள் கதை. கம்மவான்பேட்டைப் பக்கம். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்று பேர் வாங்கி, ‘ராணுவப்பேட்டை’ என்றே மக்கள் கூப்பிடும் ஊர். உங்கள் அப்பாவும் சிப்பாய். நீங்கள் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, பெங்களூரில் பயிற்சி முடித்து, ‘தம்பி’ என்றே வடக்கத்தி அதிகாரிகளும் கூப்பிட இருபத்துநான்கு வருஷம் பாலம் கட்டினீர்கள், கண்ணிவெடி எடுத்தீர்கள். தாபோடிக்கு ஒரு பயிற்சிக்கு வந்தபோதுதான் புனே பழக்கமானது. வெளியே வந்தபோது வயது நாற்பத்துமூன்று. எங்கள் ஆபீஸில் அந்த வயதில்தான் பலருக்கு முதல் வீட்டுக் கடன் தொடங்குகிறது.

பென்ஷன் எப்படி வருகிறது என்று உங்கள் நிலையில் உள்ள ஒருவருக்கு உதாரணம் போட்டீர்கள். கடைசி அடிப்படைச் சம்பளம் 40,400, ராணுவப் பணி ஊதியம் 5,200, சேர்த்து 45,600. அதில் பாதி, 22,800, பென்ஷன். அந்தப் பென்ஷனில் பாதி வரை கம்யூட் பண்ணி மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். பதினைந்து வருஷம் கழித்துத்தான் அந்தப் பாதி திரும்ப வரும். நீங்கள் அப்படித்தான் செய்தீர்கள். அந்தப் பணம் மூத்தவள் கல்யாணத்துக்கும் ஊரில் வீட்டுக்குமாகப் போனது. இப்போது வருவது மீதிப் பாதியும் அகவிலை நிவாரணமும். இளையவன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். “பென்ஷன் அரிசி வாங்கும் சார். காலேஜ் பீஸ் கட்டாது.” அதனால்தான் இந்தப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்.

கட்டைவிரல் உயர்த்திய நண்பர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சிப்பாய் முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே வீட்டுக்கு வருகிறார். படை இளமையாக இருக்க வேண்டும் என்று நாடு அவரைச் சீக்கிரம் அனுப்புகிறது. மற்ற அரசு ஊழியர் அறுபது வரை சம்பளம் வாங்கும் இருபது வருஷத்தை இவர் பாதியில் ஓட்ட வேண்டும். ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் என்று முன்னாள் படையினர் போராடியதும் இதனால்தான். முன்னால் ஓய்வு பெற்றவர் பழைய கணக்கிலேயே தேங்கிக் கிடந்தார். 2015 நவம்பரில் ஆணை வந்து, 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். கம்மவான்பேட்டையில் உங்கள் அம்மாவின் குடும்பப் பென்ஷன் அதற்குப் பிறகுதான் உயர்ந்தது என்றீர்கள். கணவர் போன பிறகும் அந்த அம்மா யார் கையையும் எதிர்பார்க்காமல் தன் மாத்திரையைத் தானே வாங்குகிறார். போரில் உயிர் போனால் மனைவிக்குக் கடைசிச் சம்பளம் முழுவதும் குடும்பப் பென்ஷனாக வரும் என்பதையும் பையனிடம் மறைக்காமல் சொன்னீர்கள். பாதுகாப்பு என்ற சொல்லுக்குப் பட்டாளத்தில் இதுதான் பொருள்: தொகை சிறிது, ஆனால் வரவு நிற்காது.

தாளில் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது. அதில் எண் எழுதவில்லை. ‘வராத நாள்’ என்று மட்டும் எழுதினீர்கள். உங்கள் அப்பா இறந்தபோது நீங்கள் வடக்கே எல்லைப் பக்கம். ஊர் வந்து சேர்ந்தது பதினோராம் நாள். மூத்தவளை முதன்முதலில் தூக்கியபோது அவளுக்கு ஏழு மாதம். உங்களைக் கண்டு அழுதாள். “இதுக்கும் ஒரு ரேட் போட்டுக் கூட்டிப் பாத்துக்க தம்பி” என்று தாளை மடித்து அவன் கையில் கொடுத்தீர்கள்.

அன்றிரவு உங்கள் கேள்வியை எனக்கே போட்டுப் பார்த்தேன். இதுவரை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். 2023இல் என்னை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அன்று என் மாதச் சம்பளம் உங்கள் வருமானத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்த மறுமாதம் வந்தது பூஜ்யம். நான்கு மாதம் வீட்டுக் கடனுக்கு மனைவியின் நகை பேசியது. அந்த நான்கு மாதமும் தினமும் டை கட்டிக்கொண்டு கேட்டைக் கடந்து, பூம்கர் சௌக் டீக்கடையில் போய் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், கேட்டில் நிற்பவருக்குத் தெரியாதது எது? ஒருநாளும் கேட்கவில்லை. “சார், இன்னிக்குச் சீக்கிரமா?” என்று மட்டும் சொல்லிக் கேட்டைத் திறந்துவிட்டீர்கள். மூன்றாவது நன்றி அதற்கு. இப்போது ஆறு மாதச் செலவைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன், வேலைக்குச் சேர்ந்து பதினைந்து வருஷம் கழித்து.

பையன் என்ன முடிவெடுத்தான் என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போகிறான் அண்ணா. விடியலில் 1.6 கிலோமீட்டர் ஓடுகிறான். பொது நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறான். கூடவே அஞ்சல்வழியில் பட்டப்படிப்பு சேர்ந்திருக்கிறான். “நாலு வருஷம் கழிச்சு என்ன பண்ணப் போறேன்னு இப்பவே எழுதி வெச்சுட்டுத்தான் மாமா போவேன்” என்கிறான். எழுதியிருப்பது உங்கள் தாளின் அடியில்தான். பட்டாளத்துச் சம்பளம் நல்ல சம்பளமா என்று இனி யார் கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கிறது. சேருகிற வயதுக்கு நல்ல சம்பளம். வெளியே வருகிற வயதுக்குப் போதாது. பென்ஷன் இருந்தால் தாங்கும்; இல்லையென்றால் அடுத்த வேலையை உள்ளே இருக்கும்போதே தேடிக்கொள்ள வேண்டும். இதை எனக்குச் சொல்லித்தந்தவர், வாகட்டில் ஒரு குடியிருப்பின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

நன்றியை வெறும் வார்த்தையாக வைக்க விருப்பமில்லை. வாயிற்காவலர்களுக்கு எட்டு மணி நேர ஷிஃப்ட், வாரம் ஒருநாள் சம்பளத்தோடு விடுப்பு என்று ஒரு தீர்மானம் எழுதி நிர்வாகக் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு மாதம் கொஞ்சம் கூடும். வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் உயர்த்தியவர்கள் உட்பட எல்லாத் தமிழ்க் குடும்பங்களையும் கேட்டுக்கொள்கிறேன்: கூட்டம் பிப்ரவரி 2, ஞாயிறு காலை பத்து மணி, கிளப் ஹவுஸில். வந்து கையைத் தூக்குங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் ‘சார்’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டால் மகிழ்கிற
உங்கள் தம்பி,
பி விங், நான்காம் மாடி