துறைமுகமும் முதுமாணியும்

தொழில் பார்த்துக்கொண்டே படிக்கும் வணிக நிர்வாக முதுமாணிப் பட்டம் பற்றி நமது சஞ்சிகைகளில் எவரும் எழுதுவதில்லை. அது கழுத்துப்பட்டி கட்டிய கொழும்புக்காரரின் சங்கதி என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் கிண்ணியாவிலும் மூதூரிலும் திருகோணமலை நகரிலும் உத்தியோகம் பார்க்கும் முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்கள் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: "எம்.பி.ஏ. செய்யலாமா காக்கா? செய்தால் என்ன கிடைக்கும்?" சீனன்குடாப் பக்கம் கப்பல் சரக்கு இறக்கும் நிறுவனம் ஒன்றில் பதினைந்து வருடம் இருந்தவன் நான். அதில் இரண்டு வருடம் வெள்ளி இரவுகளில் கொழும்புக்கு ரயிலேறி, சனியும் ஞாயிறும் வகுப்பில் இருந்தேன். கேட்டவர்களுக்கு வீதியோரம் நின்று சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

இந்தப் படிப்புமுறை புதியதல்ல. வேலையை விடாமலே மேலாளர்கள் படிப்பதற்கான முதலாவது எம்.பி.ஏ. வகுப்பை அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகம் 1943இல் தொடங்கியது. நமது நாட்டில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனம் 1986இல் உருவானது. பின்னர் திறந்த பல்கலைக்கழகமும் பிற பல்கலைக்கழகங்களும் இத்துறையில் இறங்கின. கணக்கீடு, நிதி, சந்தைப்படுத்தல், ஆளணி, உற்பத்தி, வியூகம் என்று பாடங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முழுநேர மாணவனிடம் இல்லாத ஒன்று இங்கு வருபவனிடம் உண்டு: திங்கட்கிழமை காலை அவன் திரும்பிப் போகவேண்டிய ஒரு மேசை. சனிக்கிழமை கேட்டதைத் திங்களன்று உரசிப் பார்க்க அவனால் முடியும். இந்தப் படிப்பின் பலமும் பலவீனமும் அந்த மேசையில்தான் இருக்கின்றன.

எங்கள் துறைமுகப் பகுதியில் அப்படிப்பட்ட மேசைகளுக்குக் குறைவில்லை. பிறீமா மாவு ஆலை, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை, 2003 முதல் லங்கா ஐ.ஓ.சி., துறைமுக அதிகார சபை, புல்மோட்டை மணலை ஏற்றும் கப்பல்கள் என்று வேலைத்தலங்கள் பல. பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்த் தாங்கிகளில் 61ஐக் கூட்டு நிறுவனம் ஒன்று அபிவிருத்தி செய்வதாக 2022 ஜனவரியில் ஒப்பந்தமும் ஆனது. எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் பெயரால் இங்கு ஓர் இறங்குதுறையும் உண்டு. துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த அதே மனிதர்தான் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உருவாகவும் காரணமானவர். அவர் கவிஞரும்கூட என்பது இந்தச் சஞ்சிகையின் வாசகருக்குப் புதிய செய்தியல்ல. துறைமுகமும் படிப்பும் அவருள் ஒன்றாக இருந்தன. எங்களுக்கோ அவை இரண்டுக்கும் இடையே ஓர் இரவு ரயில் பயணம்.

இங்குள்ள முகாமையாளர்களிற் பலர் களஞ்சியப் பொறுப்பாளராகவோ எழுதுவினைஞராகவோ சேர்ந்து மேலே வந்தவர்கள். உயர்தரத்தில் வர்த்தகத்தைத் தமிழில் கற்றவர்கள். ஐந்தொகை, காசுப்பாய்ச்சல், அமையச் செலவு என்ற சொற்கள் அவர்களுக்கு அத்துபடி. கொழும்பு வகுப்பிலோ எல்லாமே ஆங்கிலம். முதல் ஆறு மாதமும் எனக்குப் பாடம் கடினமாக இருக்கவில்லை. வாய் திறப்பதுதான் கடினமாக இருந்தது. விரிவுரையாளர் 'நடைமுறை மூலதனம்' பற்றி ஒரு மணி நேரம் விளக்கியபோது, கிண்ணியாவில் வாப்பாவின் கடையில் தொங்கிய கடன் கொப்பி என் கண்முன் வந்தது. அறுவடைக்கு முன்பு சாமான் கொடுத்து, அறுவடைக்குப் பின்பு காசு வாங்குகிறவர் அவர். இடைப்பட்ட மாதங்களில் மொத்த வியாபாரிக்கு எதைக் கொண்டு கொடுப்பது என்ற கேள்வியோடுதான் தினமும் கடையைப் பூட்டுவார். எந்தப் பட்டமும் அவருக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. தெரிந்த பல விடயங்களுக்குப் பெயரும் கணக்கும் வாய்ப்பதே இந்தப் படிப்பின் முதற் பயன்.

நிதிப் பாடம் எங்களவர்க்கு வேறொரு சங்கடத்தையும் தரும். இன்றைய காசின் பெறுமதியும் ஐந்து வருடம் கழித்து வரும் காசின் பெறுமதியும் ஒன்றல்ல என்பதிலிருந்து அந்தப் பாடம் தொடங்குகிறது. கழிவிடும் கணக்கு வட்டிக் கணக்குப் போலவே தோன்றும். இரண்டு திட்டங்களை ஒப்பிடுவதற்கான அளவுகோல் வேறு, வட்டி வாங்குவது வேறு என்று நானும் வகுப்பிலிருந்த வங்கி உத்தியோகத்தர் ஒருவரும் தேநீர் இடைவேளைகளில் வெகுநேரம் பேசியிருக்கிறோம். அமானா வங்கி 2011இல் இயங்கத் தொடங்கியிருந்ததால், இலாபத்தில் பங்கு என்பது எங்களுக்கு வெறும் ஏட்டுப் பேச்சாக இருக்கவில்லை. அந்த விவாதத்தைக் கேட்டு, முஸ்லிமல்லாத நண்பர்களும் கதிரையை நகர்த்தி வந்து உட்கார்ந்தார்கள். புத்தகத்தில் இல்லாத இத்தகைய பாடங்கள், வேலை பார்ப்பவர்கள் கூடும் வகுப்பில்தான் கிடைக்கும்.

இனி, எனக்கு அந்தப் பட்டம் செய்த ஒரேயொரு பெரிய உபகாரத்தைச் சொல்கிறேன்.

எங்கள் நிறுவனத்தில் கப்பல்கள் சுணங்கின. தாமதக் கட்டணம் ஏறியது. தொழிலாளர் மந்தமாக வேலை செய்கிறார்கள் என்று தலைமை அலுவலகம் முடிவுகட்டி, மூன்றில் ஒரு பங்கினரைக் குறைத்துவிட்டுப் புதிய பாரந்தூக்கி வாங்குவது பற்றிக் கடிதம் அனுப்பியது. நாட்கூலிக்காரர், பெரும்பாலும் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் ஒரே வலையைப் பிடித்துச் சரக்கிறக்கியவர்கள். அவர்களின் கங்காணியை எல்லோரும் மூதூர்க் காக்கா என்போம். ஆட்கள் முன்னால் என்னை 'சேர்' என்பார்; தனியே இருந்தால் 'தம்பி'. "நாங்க சுணங்கல்ல தம்பி, தராசுதான் சுணங்குது. வெறும் லொறிய எத்தின தரம் நிறுக்கிற?" என்று அவர் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலிடத்துக்கு அது தொழிலாளியின் சாட்டாகவே பட்டது.

உற்பத்தி முகாமைத்துவப் பாடத்தில் எங்களுக்கு ஒரு நாவலைப் படிக்கத் தந்தார்கள். கோல்ட்ராட் என்பவர் 1984இல் வெளியிட்ட 'த கோல்'. தொழிற்சாலை முகாமையாளன் ஒருவன் சிறுவர்களை மலைநடைக்கு அழைத்துச் செல்கிறான். ஹெர்பி என்ற பையன் மெதுவாக நடப்பதால் அணி நீண்டு சிதறுகிறது. மற்றவர்களை விரட்டிப் பயனில்லை. ஹெர்பியை முன்னால் விட்டு, அவன் முதுகுப் பையின் பாரத்தைப் பங்கிட்டதும் முழு அணியும் வேகம் பெறுகிறது. ரயிலில் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எங்கள் தராசு எனக்குத் தெரிந்தது.

உதாரணமாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லொறியை நிறுக்க ஆறு நிமிடம். வெறுமையாக ஒரு தரம், பாரத்தோடு ஒரு தரம் என்று ஒரு நடைக்குப் பன்னிரண்டு நிமிடம். ஆகவே மணிக்கு 5 நடை. நடைக்கு 20 தொன் என்றால் 100 தொன். கப்பலிலிருந்து தொழிலாளர் 150 தொன் இறக்கக்கூடியவர்கள். ஆளைக் கூட்டினாலும் குறைத்தாலும், புதிய பாரந்தூக்கி வாங்கினாலும், வெளியே போவது அதே 100 தொன்தான். லொறிகளின் வெறும் நிறையைக் காலையில் ஒரு தரம் நிறுத்துப் பதிந்துவிட்டால், தராசு மணிக்கு 10 நடையை விடும். தடை தராசை விட்டு நீங்கிவிடும். செலவு ஒரு கொப்பி, ஒரு பேனை.

மூதூர்க் காக்கா சொன்னதையே நான் ஆங்கிலத்தில், வரைபடங்களோடு, எனது இறுதி ஆய்வறிக்கையாக எழுதினேன். அதன் பிரதியைத் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பினேன். ஒரு கப்பலில் பரீட்சித்துப் பார்க்கச் சம்மதித்தார்கள். ஆட்குறைப்புக் கடிதம் அத்துடன் கிடப்பிற் போடப்பட்டது. எனக்குப் பதவி உயர்வு ஏதும் வரவில்லை. ஆனால் அந்த வருட ரமழானில் எவருடைய வீட்டிலும் நாட்கூலி நிற்கவில்லை. அறிக்கையின் முன்னுரையில் கங்காணியின் பெயரை எழுதியிருந்தேன். அதை அவரிடம் காட்டியபோது, "இதச் சொல்லவா தம்பி இரண்டு வருஷம் கொழும்புக்குப் போனீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆம், அதைச் சொல்வதற்குத்தான் போனேன். அவர் சொன்னபோது கேட்காத காது, பட்டம் பேசியபோது கேட்டது. இது நமது நிறுவனங்களுக்குப் பெருமை தரும் செய்தியல்ல.

அதே பட்டம் வேறு விதமாகவும் பேசும். என்னோடு படித்த ஒருவர் அதே கணக்கைத் தன் தொழிற்சாலையில் போட்டு, தடை இல்லாத பகுதிகளில் ஆட்கள் 'மிகை' என்று காட்டி வீட்டுக்கு அனுப்பினார். கணக்கில் பிழை இல்லை. இருவருக்கும் கிடைத்தது ஒரே கத்திதான். எதை வெட்டுவது என்பதைப் பாடத்திட்டம் கற்பிப்பதில்லை. அதை வீட்டிலிருந்தே கொண்டு போகவேண்டும்.

விலையையும் மறைக்கக்கூடாது. கட்டணம் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சம்பளம். அதைவிடப் பெரியது அமையச் செலவு. இரண்டு வருடம் எனது மனைவி சனியும் ஞாயிறும் தனியாகவே வீட்டைச் சுமந்தார். மகளின் வாசிப்புப் பழக்கம் எப்படித் தொடங்கியது என்பதை நான் பிறர் சொல்லியே அறிந்தேன். ஆகவே கேட்கும் தம்பிமார்களுக்கு ஒன்று சொல்வேன்: பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து வேண்டும் என்பதற்காகப் போகவேண்டாம். உங்கள் வேலைத்தலத்தில் தீராமல் கிடக்கும் ஒரு கேள்வி கையில் இருந்தால் போங்கள். இறுதி ஆய்வை உங்கள் தொழிலிலேயே செய்ய அனுமதிக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். வீட்டாரிடம் சம்மதம் பெறுங்கள். அறிவித்துவிட்டுப் போவது சம்மதமாகாது.

எழுத்தாள நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. முகாமைத்துவத்தை நாவலாக எழுத ஒரு பௌதிகவியலாளருக்குத் தோன்றியது. தராசடியில் காத்திருக்கும் லொறி வரிசை, கங்காணியின் மனக்கணக்கு, கிண்ணியாக் கடையின் கடன் கொப்பி எல்லாம் நம்மிடம் இருந்தும் நாம் அவற்றைத் தமிழில் எழுதவில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை பாதையிற் காத்து நின்று கரை கடந்த தலைமுறை நாங்கள். காத்திருப்பைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது எந்த வகுப்பறைக்கும் தெரியாது. அது எழுத்தில் வந்தால், மூதூர்க் காக்காவின் பேரப்பிள்ளைகளாவது தங்கள் பாட்டனாரின் கணக்கைத் தங்கள் மொழியிலேயே படிப்பார்கள்.